"காணாமல் போனவர்" இல்ல, "கையில பிடிச்சுக் குடுத்தவர்": ஒரு இருமொழிச் சபையின்ட இன நல்லிணக்க முயற்சி, நிகழ்வு ஆய்வு

கொழும்புக்கு வெளிய இருக்கிற ஒரு புரட்டஸ்தாந்து சபையில 2009இல இருந்து 2023 வரைக்கும் நடந்ததை இதில எழுதுறன். சபையின்ட பேர், ஊர், ஆக்களின்ட பேர் ஒண்டும் போடேல்ல, முக்கியமா வாற ரெண்டு அம்மாமாரில ஒராள் இப்ப உயிரோட இல்ல, மற்றவவிட்டயும் செத்தவவின்ட மகளிட்டயும் கேட்டுப்போட்டுத்தான் எழுதுறன். நான் தமிழ் ஆராதனைக்குப் போற ஆள், கமிட்டியில இருந்தனான், சிங்களம் தமிழ் மொழிபெயர்ப்பும் கனகாலம் நான்தான் செய்தது. அதால இதில வாற பிழையளில கொஞ்சம் என்னுடையது, அதையும் மறைக்காமல் சொல்லுறன்.

பின்னணி

இலங்கையில பௌத்தர் கிட்டத்தட்ட எல்லாரும் சிங்களவர், சைவ ஆக்கள் கிட்டத்தட்ட எல்லாரும் தமிழர். சிங்களவரும் தமிழரும் ஒரே சமயத்துக்குள்ள பெருந்தொகையா இருக்கிறது எண்டா அது கிறிஸ்தவத்திலதான். 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி 100 பேருக்கு 7 பேருக்குக் கொஞ்சம் கூடத்தான் கிறிஸ்தவர், சின்னக் கூட்டம், ஆனா ரெண்டு பக்கத்துச் சனமும் ஒரே கூரைக்குக் கீழ ஞாயிறுக்கு ஞாயிறு வாற இடம் இதை விட்டா நாட்டில பெரிசா இல்ல.

எங்கட சபையில பழைய காலத்தில சிங்கள வீட்டாரும் தமிழ் வீட்டாரும் இங்கிலீசிலதான் கதைச்சுக் கொண்டவை. பள்ளிக்கூடங்கள் தாய்மொழிக்கு மாறி, 1956இல தனிச்சிங்களச் சட்டமும் வந்தாப் பிறகு சிங்களப் பிள்ளை சிங்களத்தில படிச்சுது, தமிழ்ப் பிள்ளை தமிழில படிச்சுது. தாத்தாமார் பக்கத்து வாங்கில இருந்து பகிடி விட்டவை, பேரப்பிள்ளையள் ஆளையாள் பாத்துச் சிரிக்க மட்டும்தான் தெரிஞ்சதுகள். 1983 ஜூலைக்குப் பிறகு பழைய தமிழ் வீட்டாரில பாதிக்கு மேல கனடா, லண்டன், அவுஸ்திரேலியா எண்டு போட்டினம். அவையின்ட இடத்துக்கு வந்தது வடக்கில இருந்து இடம்பெயர்ந்த ஆக்களும், மலையகத்தில இருந்து கடையளில வேலைக்கு வந்த பெடியளும். இதுகள் இங்கிலீசும் தெரியாத, காசும் இல்லாத சனம். ஆக இனப் பிளவோட வசதிப் பிளவும் சேர்ந்திட்டுது, இதை நாங்கள் கனகாலம் கவனிக்கவே இல்ல.

சிங்கள ஆராதனை காலமை 8.30, தமிழ் ஆராதனை பின்னேரம் 4.30. சேர்ந்து நிக்கிறது கிறிஸ்மஸ் கரோலுக்கு மட்டும்.

2009 மே: உடைஞ்ச இடம்

மே 18, 19இல போர் முடிஞ்சது எண்டு அறிவிச்சினம். கொழும்பு ரோட்டெல்லாம் வெடி, கொடி, பாற்சோறு. அந்தக் கிழமை எங்கட சபையில இருந்த தமிழ் வீடுகளில கன வீட்டில போனுக்குப் பக்கத்தில குந்திக்கொண்டு இருந்தினம், வன்னிக்குள்ள இருந்த தாய் தகப்பன் உயிரோட வந்தினமா, மெனிக்பாமுக்குள்ள இருக்கினமா எண்டு தெரியாது. அந்த முகாமுகளுக்குள்ள அடைச்சு வைச்சிருந்த சனம் மூண்டு லட்சத்துக்குக் கிட்ட.

24ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, காலமை சிங்கள ஆராதனையில நன்றி ஆராதனை வைச்சிருக்கினம். அவையின்ட பக்கத்தில இருந்து பாத்தா அதுவும் விளங்கும், 1996இல மத்திய வங்கிக் குண்டில செத்தவையின்ட சொந்தம் அதுக்குள்ள இருந்தது, மகன்மாரை ஆமிக்கு அனுப்பிப்போட்டு ராவில நித்திரை இல்லாமல் இருந்த தாய்மார் இருந்தவை. ஆனா பலிபீடத்துப் பக்கத்தில கட்டின சிங்கக் கொடியை பின்னேரம் கழட்டேல்ல. நாங்கள் 4.30க்கு உள்ளுக்குப் போக அது அப்படியே நிக்குது, அப்ப இருந்த போதகர் "சமாதானத்துக்காக நன்றி சொல்லுவம்" எண்டு ஜெபத்தைத் தொடங்கினார். முன் வாங்கில இருந்த ஒரு அக்கா எழும்பினா, பைபிளை மூடினா, ஒண்டும் கதைக்கேல்ல, வெளிய போட்டா. பிறகு ஒவ்வொருத்தரா ஒரு 20 பேர் போட்டினம். நான் போகேல்ல. ஏன் போகேல்ல எண்டு இண்டைக்கும் எனக்குச் சரியாச் சொல்ல ஏலாது, பயமாத்தான் இருக்க வேணும்.

அதைப்பற்றி கமிட்டியில ஒருத்தரும் கதைக்கேல்ல. 6 வருஷம் கதைக்கேல்ல.

2015: முதல் முயற்சி, அது ஏன் பலிக்கேல்ல

2015இல புதுப் போதகர் வந்தார், சிங்களவர், தமிழ் ஓரளவு விளங்கும். அரசாங்கமும் மாறி "நல்லிணக்கம்" எண்ட சொல்லு எங்க பாத்தாலும் கேட்ட நேரம். அவர் வந்து மூண்டாம் மாசமே ரெண்டு மொழியும் சேர்ந்த ஆராதனை வைச்சார். ஒரு பாட்டு சிங்களம், ஒரு பாட்டு தமிழ், பிரசங்கம் எபேசியர் 2இல "பிரிவினையாகிய நடுச்சுவரைத் தகர்த்து" எண்ட பகுதி, கடைசியில ஆளையாள் கட்டிப்பிடிச்சு சமாதானம் சொல்லச் சொன்னார், பிறகு கேக்கும் தேத்தண்ணியும்.

படம் எடுக்க வடிவா இருந்தது. அடுத்த மாசம் வைக்கேக்க தமிழ்ப் பக்கத்தில பாதிப்பேர் வரேல்ல. ஏன் வரேல்ல எண்டு போதகர் வீடு வீடாப் போய்க் கேட்டவர், நானும் கூடப் போனனான். 2009இல வெளிய போன அக்கா வாசலில வைச்சே சொன்னா, "ஐயா, அடிச்சதும் நாங்கள் எண்டு ஆக்கிப்போட்டு, முதல் மன்னிக்க வேண்டியதும் நாங்கள்தான் எண்டா என்ன ஞாயம்? முதல் ஒருக்கா எங்களுக்கு என்ன நடந்தது எண்டு கேளுங்கோ."

சிங்கள வீடுகளிலயும் மனத்தாங்கல் இருந்தது. "எங்கட செத்த பிள்ளையளைப் பற்றி அவை ஒரு வார்த்தை கேட்டவையா" எண்டு ஒராள் கேட்டார். அதுவும் உண்மைதான், நாங்கள் கேக்கேல்ல.

வீட்டுக்குள்ள பாத்தது

போதகர் சேர்ந்த ஆராதனையை நிப்பாட்டிப்போட்டு ஒரு சின்னக் குழுவைப் போட்டார், சிங்களத்தில நாலு பேர், தமிழில நாலு பேர். வெளியில நாட்டைப் பற்றிக் கதைக்க முதல் சபைக்குள்ள என்ன நிலைமை எண்டு எழுதச் சொன்னார். எழுதி முடிக்க எங்களுக்கே ஒரு மாதிரிப் போட்டுது.

கமிட்டியில 14 பேர், அதில தமிழர் 2. கூட்ட அறிக்கை சிங்களத்திலயும் இங்கிலீசிலயும் மட்டும். தமிழ் ஆராதனை பின்னேரம் 4.30 எண்டு வைச்சது 80களில ஏதோ ஒரு வசதிக்கு, அதை மாத்திக் கேக்கலாம் எண்டே ஒருத்தருக்கும் தோன்றேல்ல. கடைகண்ணியில வேலை செய்யிற பெடியளுக்கு அந்த நேரம் வரவே ஏலாது, அதால ஞாயிறு முழுக்க ஆராதனை இல்லாமலே இருந்திருக்கினம். நோட்டீஸ் போர்டில தமிழ் ஒரு வரி இல்ல. நாட்டில தமிழ் 1987இல அரசகரும மொழியாகிட்டுது, எங்கட சேர்ச் கதவுக்குள்ள 2015 மட்டும் ஆகேல்ல.

தமிழ்ப் பக்கமும் வெளுத்தது எண்டில்ல. மலையகப் பிள்ளையளை "தோட்டத்து ஆக்கள்" எண்டு எங்கட யாழ்ப்பாணத்து வீட்டாரே தள்ளி வைச்சதை ஒரு பெடியன் எழுதிக் குடுத்தான். சிங்களவரிட்ட மரியாதை கேக்கிற நாங்கள் அதை வாசிச்சுப்போட்டு தலை நிமிர்த்தேல்ல.

எடுத்த முடிவுகள்

2016இல கமிட்டி சில முடிவு எடுத்தது. காலமை நேரத்தை ஆறு மாசத்துக்கு ஒருக்கா ரெண்டு மொழிக்கும் மாத்திக் குடுக்கிறது. கமிட்டியில குறைஞ்சது 5 தமிழர். அறிக்கை ரெண்டு மொழியில. ஞாயிறு பாடசாலையை ஒண்டாக்கி பிள்ளையளுக்கு மற்ற மொழியை அரை மணித்தியாலம் படிப்பிக்கிறது. சபையில ஆர் செத்தாலும் ரெண்டு பக்கத்தாலயும் ஆக்கள் செத்த வீட்டுக்குப் போறது.

நேரம் மாத்தினதுக்குத்தான் பெரிய சண்டை. 40 வருஷமா காலமை வந்த ஒரு வீட்டார் வேற சபைக்குப் போட்டினம். போதகர் அவையைப் போய்ப் பாத்தவர், ஆனா முடிவை மாத்தேல்ல. காரணம் கேட்டதுக்கு, தமிழ் ஆக்கள் 30 வருஷம் பொறுத்ததை இவை 6 மாசம் பொறுக்க ஏலாதெண்டா பிறகு நாங்கள் என்னத்தைச் சமாதானம் கதைக்கிறது எண்டார்.

எல்லாத்துக்கும் மேல நல்லா வேலை செய்தது செத்த வீட்டு முடிவு. அங்க மொழி பெரிசாத் தேவைப்படேல்ல. கதிரை தூக்கிறது, கோப்பி ஊத்திறது, ராவில முழிச்சிருக்கிறது, இதுக்கு என்ன மொழி. சிங்களத்தில "துக்க", தமிழில துக்கம், அம்மா ரெண்டிலயும் அம்மா.

கேக்கிற கூட்டங்களும் நான் விட்ட பிழையும்

2017இல மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை, 12 பேர் வட்டமா இருந்து, ஒரு நாளைக்கு ரெண்டு பேர் தங்களுக்கு நடந்ததைச் சொல்லுறது எண்டு வைச்சம். ஒருத்தரும் குறுக்க கதைக்கக் கூடாது, பதிலும் சொல்லக் கூடாது, போன் வெளிய, ரெக்கோர்டிங் இல்ல, பேர் எழுதிறதில்ல. பயங்கரவாதத் தடைச் சட்டம் அப்பவும் இருந்தது, ஆரும் கதைச்சது நாளைக்கு ஒரு ஆபீசில போய் நிக்கக் கூடாது எண்டதுக்காக அப்படிச் செய்தது. முதல் கூட்டங்களில 2 சாமுவேல் 21இல வாற ரிஸ்பாளின்ட கதையை வாசிச்சம், பிள்ளையளின்ட உடலுக்குப் பக்கத்தில இரட்டு விரிச்சு பறவையளைத் துரத்தின தாய். அதுக்கு விளக்கம் ஒண்டும் தேவைப்படேல்ல.

மூண்டாம் கூட்டத்தில ரெண்டு அம்மாமார். ஒராள் சிங்களம், 70க்குக் கிட்ட வயசு, மகன் ஆமி, 1996 ஜூலையில முல்லைத்தீவு முகாம் விழுந்த நேரம் அங்க நிண்டவர், பிரேதம் வரேல்ல. அந்தச் சண்டையில ஆயிரத்துக்கு மேல ஆமி செத்தது, கன வீட்டுக்கு உடம்பு போய்ச் சேரேல்ல. மற்றவ தமிழ், வன்னியில இருந்து வந்து தங்கச்சி வீட்டில இருக்கிறா. இயக்கம், அதாவது புலியள், போரின்ட கடைசி மாசங்களில மகனைப் பிடிச்சுக்கொண்டு போனது, 2009 மே நடுப்பகுதியில திரும்பி வந்த பிள்ளையை வட்டுவாகல் பாலத்தடியில, "இயக்கத்தில ஒரு நாள் இருந்தாலும் வந்து பதியுங்கோ, விசாரிச்சுப்போட்டு விடுவம்" எண்டு ஸ்பீக்கரில சொன்னதைக் கேட்டு, தானே கூட்டிக்கொண்டு போய்க் குடுத்தவ.

மொழிபெயர்ப்பு நான். சிங்கள அம்மா சொன்னது, "புலியள் என்ட பிள்ளையைக் கொண்டு போட்டாங்கள், பிரேதத்தைக் கூடத் தரேல்ல." நான் தமிழில சொன்னது, "அவ சண்டையில மகனைப் பறிகுடுத்தவ." தமிழ் அம்மா சொன்னது, "நான் கையில பிடிச்சுக் கொண்டு போய் ஆமியிட்டக் குடுத்தனான்." நான் சிங்களத்தில சொன்னது, "யுத்த காலத்தில மகன் நெதி உணா", அதாவது காணாமல் போனார். ரெண்டு பக்கத்துக்கும் நோகக் கூடாது எண்டு நினைச்சுச் செய்தது. நல்லது செய்யிறன் எண்டுதான் நினைச்சன்.

பின்னால இருந்த ஒரு பெடியன், 19 வயசு, ரெண்டு மொழியும் தெரிஞ்சவன், விதியையும் மீறி எழும்பி, "அங்கிள், அவ அப்படிச் சொல்லேல்ல" எண்டான். எல்லாரும் என்னைப் பாத்தினம். தமிழ் அம்மா கேட்டா, "என்ன சொன்னனீங்கள் தம்பி? நான் சொன்னதைச் சொல்லுங்கோ."

திருப்பிச் சொன்னன். ஹமுதாவட்ட பார துன்னா, ஆமியிட்ட ஒப்படைச்சவ. சிங்கள அம்மா கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்ல, பிறகு மெல்ல, "அதின்மத?" எண்டு கேட்டா, கையாலயேவா எண்டு. நான் மொழிபெயர்க்க முதலே தமிழ் அம்மாவுக்கு விளங்கிட்டுது, வலது கையை விரிச்சுக் காட்டினா. மற்றவ அந்தக் கையைப் பாத்துக்கொண்டே இருந்தா.

பிறகு சிங்கள அம்மா சொன்னதையும் உள்ளபடி தமிழில சொன்னன், புலியள் கொண்டது, உடம்பு தரேல்ல எண்டு. தமிழ்ப் பக்கத்தில ரெண்டு பேரின்ட முகம் இறுகிட்டுது, ஆனா ஒருத்தரும் எழும்பிப் போகேல்ல. அண்டைக்கு முடிவெடுத்தம்: ஆர் செய்தது எண்ட சொல்லை இனிமேல் விடக் கூடாது, கொட்டியா எண்டு சொன்னா புலி எண்டு சொல்லுறது, ஆமி எண்டா ஆமி. "காணாமல் போனார்" எண்டு சொல்லேக்க ஆரோ செய்த வேலை தானா நடந்தது மாதிரி ஆகுது.

2018: முல்லைத்தீவுக்குப் போனது

ரெண்டு பேரின்ட பிள்ளையளும் கடைசியா நிண்ட இடங்கள் கிட்டக்கிட்ட எண்டு எங்களுக்கு அப்பதான் உறைச்சது. முல்லைத்தீவு டவுனுக்கும் வட்டுவாகல் பாலத்துக்கும் சில கிலோமீட்டர்தான். 13 வருஷ இடைவெளி. 2018 ஆகஸ்ட் லீவுக்கு ஒரு வானில 11 பேர் போனனாங்கள். போற வழியில கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில, 2017 பெப்ரவரியில இருந்து பிள்ளையளைக் கேட்டு இருக்கிற தாய்மாரைக் கண்டம், சிங்கள அம்மா இறங்கி அவையோட அரை மணித்தியாலம் நிலத்தில இருந்தா.

தமிழ் அம்மாவிட்ட மகனின்ட லெமினேட் பண்ணின படம், பள்ளிக்கூட யூனிஃபோர்மோட. மற்றவவிட்ட படம் இல்ல. கேட்டதுக்கு, தன்னட்ட இருக்கிறது ஆமி உடுப்போட எடுத்த படம் மட்டும்தான், இஞ்ச கொண்டு வந்தா ஆக்கள் பயப்பிடுவினம் எண்டு சுவரிலயே விட்டிட்டு வந்ததா சொன்னா.

பாலத்தில சரியான வெயில், ரெண்டு பக்கமும் நந்திக்கடல் தண்ணி, கிட்ட நேவி காம்ப். தமிழ் அம்மா "இதிலதான்" எண்டு காட்டினா. சிங்கள அம்மா தன்ட சீலைத் தலைப்பால அந்தப் படத்தில இருந்த வேர்வையைத் துடைச்சுக் குடுத்தா. பிறகு பழைய முகாம் எந்தப் பக்கம் எண்டு கேட்டா, எனக்குத் தெரியேல்ல, ஓட்டோக்காரர் ஒராள் டவுன் பக்கம் கையைக் காட்டினார். தமிழ் அம்மா, "அக்கா, வாங்கோ, அங்கயும் போவம்" எண்டா. அண்டையில இருந்து அவ அக்கா, இவ நங்கி, சிங்களத்தில தங்கச்சி.

எதிர்பாராத சிக்கல்கள்

2019 பெரிய வெள்ளிக்கு, ஏப்ரல் 19, முதல் தரம் சேர்ந்து புலம்பல் ஆராதனை வைச்சம். மே 18ம் வேண்டாம், 19ம் வேண்டாம், ரெண்டும் ஆளுக்கொரு பக்கத்தின்ட நாள் எண்டுதான் பெரிய வெள்ளி. இழந்தவையின்ட படத்தை சிலுவையடியில வைக்கலாம், கொடி, கோஷம், இலச்சினை ஒண்டும் இல்ல. சிங்கள அம்மா அந்த ஆமி உடுப்புப் படத்தைக் கொண்டு வந்தா. நாலு தமிழ் வீட்டார் எழும்பிப் போட்டினம், அதில ரெண்டு வீட்டார் திரும்ப வரேல்ல. அவையின்ட பக்கத்தில பிழை எண்டு நான் சொல்ல மாட்டன். படத்தைப் பற்றி முன்னுக்கே எல்லாரோடயும் கதைச்சிருக்க வேணும், நாங்கள் கமிட்டிக்குள்ள மட்டும் கதைச்சிட்டு விட்டிட்டம்.

ரெண்டு நாளால ஈஸ்டர் குண்டுகள். கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன், சிங்களவரும் தமிழரும் சேர்ந்து செத்தது. எங்கட வாசலில துவக்கோட ஆமி நிண்டு பையளைக் கிண்டிப் பாத்தது. தமிழ் அம்மாமாருக்கு அந்த உடுப்பைக் கண்டாலே கால் நடுங்கும், சிங்களப் பெடியள் தாங்களா வந்து ஒவ்வொரு ஞாயிறும் வாசலில நிண்டு கையைப் பிடிச்சு உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு வந்தவை. இது ஒருத்தரும் சொல்லிச் செய்யேல்ல.

ஆனா அதே மாசம் இன்னொண்டும் நடந்தது. குண்டு வைச்சது ஒரு முஸ்லிம் தீவிரவாதக் கூட்டம் எண்டதால, முஸ்லிம் கடையளுக்குப் போகக் கூடாது எண்டு கமிட்டியில ஒராள் சொல்ல, சிங்களவரும் தமிழரும் ஒண்டாத் தலையாட்டினம். இத்தனை வருஷத்தில ஒரு விஷயத்துக்கு எல்லாரும் ஒத்துக்கொண்டது அண்டைக்குத்தான், அது மூண்டாவது ஆளை வெறுக்கிறதுக்கு. போதகர் மேசையில கையை வைச்சு, "இதுக்கோ நாங்கள் நாலு வருஷம் இருந்தது?" எண்டு கேட்டார். மே 13இல மினுவாங்கொடையில கடையள் எரிஞ்சாப் பிறகுதான் கன பேருக்கு உறைச்சது. சபைக்கு முன்னால இருக்கிற முஸ்லிம் பேக்கரியில தொடர்ந்து பாண் வாங்கிறது எண்டு முடிவு வந்தது, மூண்டு பேர் பள்ளிவாசலுக்குப் போய்க் கதைச்சும் வந்தவை. அது அதோட நிண்டுபோச்சு.

2023 மட்டும் நிலைமை

சிங்கள அம்மா 2021இல கொரோனாவில போட்டா. செத்த வீட்டுக்கு ரெண்டு பக்கமும் போறது எண்ட முடிவை அண்டைக்குக் காப்பாத்த ஏலாமல் போட்டுது, தமிழ் அம்மா போனில மகளோட கதைச்சவ, பாதிச் சிங்களம் பாதித் தமிழ். 2022 மே 18இல காலி முகத்திடல் போராட்டத்தில, போரின்ட கடைசியில செத்த தமிழ்ச் சனத்தை நினைச்சு முள்ளிவாய்க்கால் கஞ்சி குடுத்த இடத்துக்கு எங்கட சபைச் சிங்களப் பெடியள் மூண்டு பேர் போய் வந்தவை.

பெரிய வெள்ளி ஆராதனை நடக்குது. நேரம் மாத்திறதும் நடக்குது, இப்ப அதுக்குச் சண்டை இல்ல. மொத்தமா 11 வீட்டார் சபையை விட்டுப் போட்டினம், 7 சிங்களம், 4 தமிழ். தமிழ் அம்மாவின்ட மகனைப் பற்றி ஒரு தகவலும் இல்ல. காணாமல்போனோர் அலுவலகத்தில பதிஞ்சவ, கூடப் போய் சிங்களப் படிவத்தை நிரப்பிக் குடுத்தது சிங்கள அம்மாவின்ட மகள்.

திரும்பச் செய்தால் மாத்திறது

கட்டிப்பிடிக்கிற ஆராதனையை முதல் வைக்க மாட்டம், நேரம், கமிட்டி, மொழி இதுகளைத்தான் முதல் கையில எடுப்பம். மலையகப் பிள்ளையளின்ட கதையை தனிய ஒரு கூட்டமா வைப்பம், அது எங்கட "தமிழர்" எண்ட சொல்லுக்குள்ள அமுங்கிப் போட்டுது. படம் வைக்கிறது மாதிரி விஷயங்களை எல்லா வீட்டோடயும் முன்னுக்கே கதைப்பம். கேட்டுப்போட்டு வீட்டுக்குப் போற ஆக்களுக்கு ராவில என்ன நடக்குது எண்டதையும் யோசிக்கேல்ல, ரெண்டு பேர் கன நாள் நித்திரை இல்லாமல் கஷ்டப்பட்டவை, ஒரு மனநல ஆலோசகரை ஆரம்பத்திலயே வைச்சிருக்க வேணும்.

மொழிபெயர்ப்புக்கு ஒராளை மட்டும் விடவே கூடாது. 2018இல இருந்து ரெண்டு பேர், ஒராள் சொல்ல மற்றவர் கேட்டு, பிழை எண்டா அதிலயே நிப்பாட்டித் திருத்திறது. ஒராள் நான். மற்றவன் அண்டைக்கு எழும்பின அந்தப் பெடியன்.